டெல்லி வெயிலில் 95 டிகிரி: புது லிக்விட் கூலர் பழுதா?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மயூர் விஹாரில் மேல் மாடி வீடு, தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி. கணினியில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர். நேரு பிளேஸ் கணினிச் சந்தையில் வாங்கி நான்கு நாள் ஆன, பிராசசரைக் குளிர்விக்கும் 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டரிங் (காட்சியைப் படமாக்கும் கடும் கணக்கு வேலை) ஓடவிட்டால் இரண்டே நிமிடத்தில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கிறது. நீங்கள் பார்த்த விமர்சனத்தில் அதே கூலர் அதே பிராசசரை 71 டிகிரியில் வைத்திருந்தது. கடைக்காரர் பத்து நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூலர் பழுதா, திருப்பித் தந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஆறு நாள் மிச்சம் இருக்கிறது, கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் போதும். ஆனால் அந்த 95 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கூலர் நல்லதா கெட்டதா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஏன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த பிராசசரை ஏ.எம்.டி. 2022 செப்டம்பரில் வெளியிட்டபோதே, கடும் வேலையில் 95 டிகிரியில் ஓடுவது அதன் வடிவமைப்பில் உள்ளதுதான் என்று சொல்லிவிட்டது. அதற்கு இரண்டு முக்கிய வேலிகள்: வெப்பம் 95 டிகிரி, மின்சாரம் 230 வாட். இந்த இரண்டில் எது முதலில் தடுக்கிறதோ அதுவரை தன் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். பாத்திரம் சின்னதா பெரியதா என்று பார்க்காமல் விளிம்பு தட்டும் வரை ஊற்றுகிற கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பாத்திரத்திலும் தண்ணீர் விளிம்பில்தான் நிற்கும், அண்டாவிலும் விளிம்பில்தான் நிற்கும். விளிம்பைப் பார்த்து என்ன தெரியும்? எத்தனை படி கொண்டது என்று அளக்க வேண்டும். இங்கே படி என்பது வாட். நீங்கள் அனுப்பிய படத்தில் வெப்பம் மட்டும் வட்டமிடப்பட்டிருக்கிறது, வாட் எவ்வளவு என்ற வரி திரைக்கு வெளியே போய்விட்டது.

அடுத்தது, கூலர் என்ற சொல். டெல்லியில் அப்படிச் சொன்னால் ஜன்னலில் உட்கார்ந்து இரைகிற தகரப்பெட்டிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதில் நீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் வெளியே 42 டிகிரி காய்ந்தாலும் உள்ளே வருகிற காற்று பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும், வெட்டிவேர்த் தட்டி போட்டிருந்தால் மணமும் சேர்ந்து வரும். கணினிக்குள் இருக்கும் கூலரிலும் நீர் உண்டு, ஆனால் அது ஆவியாவதில்லை. மூடிய குழாய்க்குள் அது வெறும் சுமைதூக்கி. பிராசசர் மேலிருக்கும் செப்புத் தட்டில் வெப்பத்தை ஏற்றிக்கொண்டு போய், விசிறிகள் காற்றடிக்கும் அலுமினிய இதழ்த் தட்டியான ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது. இறக்கும் இடம் உங்கள் அறையின் காற்று. அந்தக் காற்றை விட ஒரு டிகிரி கூட அது கீழே போகாது. ‘லிக்விட்’ என்ற பெயரைக் கேட்டதும் ஐஸ் வைத்தது போல் இருக்கும் என்று நம்பி வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

ஆகவே பிராசசரின் வெப்பத்தை மூன்று படிக்கட்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். அடியில் அறை வெப்பம். அதற்கு மேல், அறையை விடக் கூலருக்குள் ஓடும் திரவம் எவ்வளவு சூடு என்பது ஒரு படி. அதற்கும் மேல், திரவத்தை விடப் பிராசசர் சிப் எவ்வளவு சூடு என்பது இன்னொரு படி. கடையில் 240, 280, 360 என்று ரேடியேட்டர் அளவைச் சொல்லிக் காசு கொடுத்து வாங்குவது நடுப்படியைத்தான். அந்தப் படி எவ்வளவு குட்டையானது என்று தெரிந்தால் பலர் பணத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொள்வார்கள். ஒரு நல்ல 360 ரேடியேட்டரில் 230 வாட் இறக்கினால், விசிறிகள் மிதமான வேகத்தில் ஓடும்போது திரவம் அறையை விடத் தோராயமாகப் பன்னிரண்டு டிகிரி ஏறும். மேல்படியோ அறுபது டிகிரி வரை போகும்.

மேல்படி ஏன் அவ்வளவு உயரம்? உங்கள் பிராசசரில் கணக்குப் போடும் கருக்கள் (கோர்கள்) இரண்டு சிறு சில்லுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 சதுர மில்லிமீட்டர், அதாவது உங்கள் சுண்டுவிரல் நகம். முழுச் சுமையில் அந்த நகத்தளவு இடத்திலிருந்து நூறு வாட்டுக்கு அருகே வெளியேற வேண்டும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், சதுர மில்லிமீட்டருக்கு இஸ்திரிப் பெட்டியை விடப் பதினைந்து மடங்குக்கு மேல் வருகிறது. இந்த வெப்பம் சிலிக்கானைத் தாண்டி, அதன் மேல் மூடியைத் தாண்டி, மூடிக்கும் கூலருக்கும் இடையே பூசும் வெப்பம் கடத்தும் பேஸ்டைத் தாண்டி, செப்புத் தட்டைத் தாண்டித்தான் நீரைத் தொடுகிறது. அங்கே நெரிசல். பின்னால் ரேடியேட்டரை எவ்வளவு நீட்டினாலும் இந்த நெரிசல் குறையாது. சாந்தினி சௌக் சந்துக்குள் சிக்கிய ரிக்‌ஷாவுக்கு வெளியே எட்டு வழிச்சாலை போட்டு என்ன பயன்?

இப்போது உங்கள் விமர்சகரின் 71-க்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். குளிரூட்டிய அறை, 22 டிகிரி என்று வையுங்கள். பிராசசருக்கு 142 வாட் எல்லை விதித்துச் சோதித்திருந்தால் திரவம் அறையை விட எட்டு டிகிரி ஏறும், சிப் அதற்கு மேல் நாற்பது. கூட்டினால் 70. கணக்கு ஒத்துப்போகிறது. கூலர்களை ஒப்பிடுகிற ஒழுங்கான விமர்சகர்கள் வாட்டைக் கட்டிப்போட்டுத்தான் சோதிப்பார்கள், இல்லையென்றால் எல்லாக் கூலரும் 95 என்றே காட்டித் தொலைக்கும். பலர் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வரைபடத்தில் போடுவதும் உண்டு. அந்தச் சிறு எழுத்துகளைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் டெல்லியில் ஏமாற்றம்தான். உங்கள் அறை 38 டிகிரி என்றால் அதே கூலர், அதே 142 வாட்டில் 86 காட்டும். பழுது எதுவும் இல்லாமலேயே பதினாறு டிகிரி கூடுதல்.

எல்லை விதிக்காமல் ஓடவிட்டால் இன்னொன்று நடக்கும். 22 டிகிரி அறையில் 95-க்கு எட்ட 73 டிகிரி இடைவெளி இருக்கிறது, அதற்குள் ஏறக்குறைய 230 வாட் அடங்கும். 38 டிகிரி அறையில் இடைவெளி 57 தான். விகிதப்படி 180 வாட் அளவில் பிராசசர் தானே நிறுத்திக்கொள்ளும். வெப்பம் இரண்டு இடத்திலும் 95 தான், ஊற்றிய வாட்தான் வேறு. இதில் உங்களுக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. 230 வாட்டிலிருந்து 180-க்கு இறங்கினால் ரெண்டரிங் வேகத்தில் போவது சில விழுக்காடுதான். கடைசி ஐம்பது வாட்டுக்கு இந்தப் பிராசசர் தருகிற கைம்மாறு மிகக் கொஞ்சம்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் இகோ மோட் என்பதில் 105 வாட் என்ற தேர்வை வையுங்கள். பெயர் 105 ஆனாலும் அது பிராசசருக்கு விதிக்கும் மின் எல்லை 142 வாட். விசிறிகள் மூன்றையும் வெப்பத்துக்கேற்ப வேகம் மாறும் தானியங்கி வளைகோட்டிலிருந்து எடுத்து, நிமிடத்துக்கு 1200 சுற்று என்று நிலையாக வையுங்கள். பம்பை முழு வேகத்தில் விடுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை எதுவும் வேண்டாம், முதல் சோதனைக்குக் கணினிப் பெட்டியின் பக்கவாட்டுக் கதவையும் கழற்றிவிடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து பிராசசரின் வெப்பம், அது இழுக்கும் வாட், பம்ப் வேகம், திரவ வெப்பம் ஆகிய நான்கு வரிகளையும் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளையோ உங்கள் பிளெண்டர் வேலையையோ அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

அரை மணி நேரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பம்ப் இல்லாத காற்றுக் கூலரில் உலோகம்தான் சூடேற வேண்டும், சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். இதில் நீரும் ரேடியேட்டரும் சேர்ந்து மெதுவாகச் சூடேறுகின்றன, அதோடு பெட்டியும் அறையும் சூடேறுகின்றன. இரண்டு நிமிடச் சோதனையில் எந்த லிக்விட் கூலரும் வீரனாகத் தெரியும். கடையில் கண்ணாடி மேசை மேல் வைத்து ‘பாருங்கள் சார், ஐம்பதுதான்’ என்று காட்டுவது இந்தத் தேன்நிலவுக் காலத்தைத்தான்.

அறை வெப்பத்தை அளக்க ஒரு சாதாரண டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். தொலைபேசி சொல்லும் வானிலை வேண்டாம், அது உங்கள் அறைக்குள் வந்து அளக்கவில்லை. வெப்பமானியை ரேடியேட்டர் காற்றை உள்ளே இழுக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஜன்னல் கூலரின் காற்று நேராக அதன் மேல் படக்கூடாது. சோதனை தொடங்கும்போதும் முடியும்போதும் குறித்துக்கொள்ளுங்கள், மேல் மாடி அறையில் கணினியே அறையைச் சூடாக்கும். கருவியை நம்பும் முன் இன்னொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுவிடுவது நல்லது. 2024 மே மாதம் டெல்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று உலகமே அலறியதே, நினைவிருக்கிறதா? பிறகு வானிலைத் துறையே ஆராய்ந்து அந்த உணரி மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று சொன்னது. அரசாங்கக் கருவிக்கே அந்த கதி. நூற்றைம்பது ரூபாய்க் கருவி நமக்கு மட்டும் சத்தியவானாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

திரவ வெப்பம் உங்கள் மாடலில் காட்டப்படுகிறதா என்று தெரியவில்லை. பம்புக்குள் உணரி இருந்தால் நிறுவனத்தின் மென்பொருளில் தெரியும். இல்லையென்றால் கம்பி முனையுள்ள வெப்பமானியை ரேடியேட்டரின் குழாய் சேரும் ஓரத்தில், விசிறிக் காற்று படாத இடத்தில், டேப் போட்டு ஒட்டி அதன் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து மூடுங்கள். மிகத் துல்லியமாக இருக்காது, ஆனால் நமக்கு வேண்டிய அளவுக்குப் போதும்.

இதற்கிடையில் கையாலும் ஒரு சோதனை. இரண்டு குழாய்களையும் விரலால் பிடித்துப் பாருங்கள். ஒன்று சூடாகவும் ஒன்று குளிராகவும் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், தலைகீழ். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடுகிறது என்று வைத்தால், 142 வாட்டுக்கு இரு குழாய்களுக்கும் இடையே வித்தியாசம் இரண்டு டிகிரிதான் வரும். விரலுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் நீர் நன்றாக ஓடுகிறது என்று பொருள். ஒன்று கொதித்து இன்னொன்று அறைச் சூட்டில் இருந்தால்தான் விபரீதம்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். என்னுடைய முதல் லிக்விட் கூலர், நிறுவனத்தின் பெயர் வேண்டாம், மூன்றாவது கோடையில் திடீரென்று பிராசசரை நூறு டிகிரிக்கு விரட்டத் தொடங்கியது. பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று மாற்றினேன். மறுபடியும் அப்படியே, பேஸ்ட் மட்டம் என்று விலை உயர்ந்த பேஸ்ட் வாங்கினேன். பம்ப் வேகம் 2800 என்று திரையில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நாள் தற்செயலாகக் கை பட்டபோதுதான் ஒரு குழாய் கொதிப்பதும் மற்றது பச்சைத் தண்ணீராக இருப்பதும் தெரிந்தது. திருகைக் கழற்றித் திறந்து பார்த்தால், செப்புத் தட்டின் மயிரிழைச் சந்துகள் முழுவதும் பழுப்பு நிறச் சகதி. பம்ப் சுழன்றுகொண்டுதான் இருந்தது, நீர்தான் நகரவில்லை. செப்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால் அரிப்பு வரும், அதைத் தடுக்கத்தான் திரவத்தில் மருந்து கலக்கிறார்கள். அது சரியாக அமையாத கூலரில் இந்தச் சகதி சேரும். ஆக, திரையில் தெரியும் பம்ப் வேகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அது மோட்டார் சுழல்வதைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

சோதனையில் கிடைத்த எண்களை இரண்டு கழித்தல்களாகப் போடுங்கள். திரவத்திலிருந்து அறையைக் கழித்தால் ஏழிலிருந்து பத்துக்குள் வந்தால் ரேடியேட்டரும் பம்பும் விசிறியும் தம் வேலையைச் செய்கின்றன. பதினைந்தைத் தாண்டினால் விசிறி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம், ரேடியேட்டருக்குக் காற்று போகாமல் ஏதாவது அடைத்திருக்கலாம். சிப்பிலிருந்து திரவத்தைக் கழித்தால் நாற்பதை ஒட்டி வர வேண்டும். ஐம்பதுக்கு மேல் போனால் மாட்டியதில்தான் கோளாறு என்று முதலில் சந்தேகப்படுங்கள், திரவம் சூடாகாமலே சிப் மட்டும் எகிறினால் பம்பையும் சந்தேகப்படுங்கள்.

மாட்டியதில் கோளாறு என்றால் என்னென்ன? சிரிக்காதீர்கள், முதலாவது செப்புத் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது. அனுபவசாலிகளே செய்திருக்கிறார்கள். அடுத்தது திருகுகளை ஒரு பக்கம் முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போவது, தட்டு சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கார்ச் சக்கரத்துக்கு முடுக்குவது போல் முடுக்க வேண்டும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும் என்ற பழைய அறிவுரை இந்த அகலமான மூடிக்குப் போதாது. முழுப் பரப்பும் மெல்லிய படலமாகப் பரவும்படி இடுங்கள், கொஞ்சம் கூடிப் பிதுங்கினாலும் பாதகமில்லை. உங்கள் பிராசசரில் அந்த இரண்டு சூடான சில்லுகளும் நடுவில் இல்லை, ஒரு விளிம்பை ஒட்டி இருக்கின்றன. சில கூலர்களோடு செப்புத் தட்டை அந்தப் பக்கம் சில மில்லிமீட்டர் நகர்த்தி மாட்டும் சட்டம் கொடுக்கிறார்கள். கூலர் வந்த பெட்டிக்குள் அது இருந்தால் பயன்படுத்துங்கள், ஓரிரு டிகிரி இலவசமாகக் கிடைக்கும். கடைசியாக, பம்பின் கம்பியை விசிறிக்கான இணைப்பில் செருகியிருந்தால் மதர்போர்டு அதையும் விசிறி என்று நினைத்து வேகத்தைக் குறைத்துவிடும். பம்புக்கென்று குறித்த இணைப்பில் செருகுங்கள்.

ரேடியேட்டரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலோர் மேலே மாட்டிக் காற்றை வெளியே தள்ளுகிறார்கள். பார்க்க அழகு, மற்ற ஊர்களில் அதுவே நல்ல ஏற்பாடும் கூட. டெல்லி மேல் மாடி அறைக்கு நான் முன்பக்கத்தைத்தான் சொல்வேன். மேலே மாட்டினால் கிராபிக்ஸ் கார்டு கக்கும் இருநூறு முந்நூறு வாட் சூட்டைத்தான் ரேடியேட்டர் மூச்சாக இழுக்கும். பெட்டிக்குள் காற்று 45 என்றால் திரவம் 55-ஐத் தாண்டும். இந்தக் கூலர்களில் திரவத்துக்குப் பெரும்பாலும் 60 டிகிரியை எல்லையாக வைக்கிறார்கள், அதை ஒட்டியே நாள் முழுவதும் ஓட்டினால் குழாய்ச் சுவர் வழியாக நீர் கசிந்து குறைவதும் வேகப்படும். முன்னால் மாட்டினால் அறைக் காற்று நேராக உள்ளே வரும். கிராபிக்ஸ் கார்டு கொஞ்சம் சூடேறும், அது தாங்கும். எங்கே மாட்டினாலும் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் சிறு காற்றுக்குமிழ் எப்போதும் உச்சிக்குப் போகும். உச்சியில் பம்ப் இருந்தால் அது காற்றைக் கடைந்துகொண்டு கிடக்கும். மாட்டிய முதல் நாள் களகளவென்று சத்தம் வந்து அடங்குவது இயல்பு. ஒரு வாரமாகியும் அடங்கவில்லை என்றால் நம்பாதீர்கள்.

சத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, காரணம் புரிகிறது. ஜன்னல் கூலர் இரையும் அறையில் கணினி விமானம் போல் அலறினாலும் காதில் விழாது. ஆனால் டிசம்பரில் ஜன்னல் கூலரை மூடித் தார்ப்பாய் போட்ட பிறகு, ராத்திரி ரெண்டரிங் ஓடும்போது பம்பின் மெல்லிய ரீங்காரம் கொசு போல் காதருகே நிற்கும். அதை இப்போதே சோதித்துவிடுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, பம்பின் வேகத்தை ஏற்றி இறக்கிக் கேளுங்கள். சீரான இரைச்சல் பரவாயில்லை. கிர்ரென்று அரைக்கிற சத்தம் வந்தால் அதுவே திருப்பித் தரப் போதுமான காரணம்.

கூலர் நன்றாக இருக்கிறது என்று முடிவானாலும் ‘இதற்கு இந்த விலை தகுமா’ என்ற கேள்வி உங்களுக்கு வரும். ஆறு வெப்பக் குழாய்கள் உள்ள இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர்கள் இருக்கின்றன. தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அசாசின் போன்றவை இந்த 360 கூலர்கள் பலவற்றின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. 142 வாட்டில் அவை தாராளமாகத் தாங்கும். லிக்விட் கூலரின் ஆதாயம் அந்த அளவில் சில டிகிரிதான், வாட் ஏற ஏறத்தான் இடைவெளி விரியும். கோபுரத்தில் கெடக்கூடியது விசிறி மட்டும், அதையும் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். லிக்விட் கூலரில் பம்ப் போனால் மொத்தமும் போச்சு. போதாததற்குக் கோபுரத்தின் காற்று மதர்போர்டின் மின்பகுதிகள் மேலும் படும், லிக்விட் கூலரில் அந்த உபகாரம் இல்லை. நீங்கள் வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் கோபுரத்தையும் இகோ மோடையும் சொல்லியிருப்பேன். வாங்கிவிட்டீர்கள், ராத்திரி முழுவதும் ரெண்டரிங் ஓடுகிற வேலை, இதுவும் வீண் செலவு இல்லை.

அளவைப் பற்றி ஒரு கூட்டல் கணக்கு, அடுத்த முறைக்காக. 280 என்பது இரண்டு 140 விசிறி, 360 என்பது மூன்று 120 விசிறி. முகப்பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 280 வகை, 360-இல் தொண்ணூறு விழுக்காடு வருகிறது. பெட்டியில் இடம் இருந்தால் அது பல நேரம் மலிவாகவும் அமைதியாகவும் அமையும். ஏனோ நம் ஊரில் அதைக் கேட்பாரில்லை.

ஆயுளைப் பற்றிப் பெட்டியின் மேல் 50,000 மணி, 70,000 மணி என்று போட்டிருப்பார்கள். அது ஏராளமான பம்புகளுக்குப் போட்ட சராசரிக் கணக்கு, உங்கள் பம்ப் கொடுத்த வாக்குறுதி இல்லை. உத்தரவாத ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் ஐந்து, ஆறு ஆண்டு தருகின்றன. தவறு நேர்ந்தால் நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் ஒரு அளவுகோல். ஆர்க்டிக் நிறுவனம் தன் லிக்விட் ஃப்ரீசர் 2 வரிசையில் சில தொகுதிகளின் ரப்பர் வளையத்தில் மிஞ்சிய கந்தகம் செப்புத் தட்டை அரிக்கக்கூடும் என்று 2022-இல் தானே அறிவித்து, மாற்று உதிரிகளை இலவசமாக அனுப்பியது. அப்படி ஒப்புக்கொள்கிறவர்களிடம் அடுத்த முறையும் வாங்கலாம் என்பது என் எண்ணம். நேரு பிளேஸில் வாங்கியதால் இன்னொன்றையும் பாருங்கள்: பில்லில் வரிசை எண் எழுதியிருக்கிறதா, உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா, பெட்டியில் போட்ட உற்பத்தித் தேதி எப்போது. இரண்டு கோடை கிடங்கில் வெந்த கூலர் புதுப் பெட்டியில் இருந்தாலும் பழையதுதான்.

தூசியைச் சொல்லாமல் டெல்லியில் எந்த அறிவுரையும் நிறைவடையாது. நம் ஊரில் அக்னி நட்சத்திரம் என்றால் பஞ்சாங்கம் பார்த்து வரும், பஞ்சாங்கம் பார்த்துப் போகும். இங்கே ஏப்ரலிலிருந்தே லூ என்ற அனல் காற்றும் புழுதிப் புயலும். அந்தப் புழுதி ஜன்னல் கூலரின் ஈரத்தோடு சேர்ந்து ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே களிமண்ணாகவே பூசிக்கொள்ளும். முன்பக்க வலையை வாரம் ஒருமுறை தட்டுங்கள். மாதம் ஒருமுறை விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள், தூசிப் போர்வை அங்கேதான் ஒளிந்திருக்கும். விசிறியைக் கழற்றி, அது சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றடியுங்கள். இன்று எழுதி வைக்கும் அந்த இரண்டு கழித்தல் எண்களை ஒரு தாளில் குறித்துக் கணினிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு இதே சோதனையில் முதல் எண் ஏறியிருந்தால் தூசி அல்லது நீர் குறைவு, இரண்டாவது ஏறியிருந்தால் பேஸ்ட் அல்லது சகதி. என்னைக் கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

நாளை பிற்பகல் நான்கு மணிக்கு, அறை நன்றாகச் சூடேறிய பிறகு, சோதனையை ஓட்டுங்கள். சிப்புக்கும் திரவத்துக்கும் இடையே ஐம்பதுக்கு மேல் வந்தால் ஒருமுறை கழற்றித் துடைத்துப் புதிதாகப் பேஸ்ட் இட்டு மாட்டிப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் எண்கள் தெரியும்படி திரையைப் படம் எடுத்துக்கொண்டு, பில், பெட்டி, திருகுப் பொட்டலம் எல்லாவற்றோடும் கடைக்குப் போங்கள். சனிக்கிழமைக்குள் போய்விடுங்கள், ஞாயிறு நேரு பிளேஸ் கடைகள் மூடியிருக்கும்.